பரங்கிமலையில் தொடங்கும் இமயம்

முசோரியின் மேற்குக் கோடியில் ஹாத்திபாவ் என்று ஒரு முகடு இருக்கிறது. கடைவீதி கூடும் காந்தி சௌக்கிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஓக் மரங்களும் தேவதாருக்களும் நிழல் தரும் சாலையில் நடந்து கடைசி ஏற்றத்தையும் ஏறிவிட்டால் நிலம் இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிறது. தெற்கே தூன் பள்ளத்தாக்கு. வடக்கே அக்லார் ஆற்றின் பள்ளத்தாக்கு. அதற்கும் அப்பால், வானம் தெளிந்திருந்தால், 6,316 மீட்டர் உயரமுள்ள பந்தர்பூஞ்சும் அதன் கூட்டத்துப் பனிச் சிகரங்களும். இந்த முகட்டில்தான் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் வீடு நிற்கிறது. இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக இருந்த அவர் 1830களில் இந்த பார்க் எஸ்டேட்டை வாங்கினார். 1843ல் ஓய்வு பெறும்வரை அவருக்கு வீடும் அலுவலகமும் இதுவே. நீண்டகாலம் பாழடைந்து கிடந்த கட்டடத்தை இப்போது செப்பனிட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

முசோரிப் பக்கம் ஹோம்ஸ்டேயில் தங்குபவர்களுக்கு வீட்டுக்காரர்கள் சொல்லும் இடங்களில் இது முதல் வரிசையில் வரும். லண்டூரில் லால் டிப்பா, சார் துகான், மூன்று கிலோமீட்டர் வளைந்து செல்லும் கேமல்ஸ் பேக் சாலை, கன் ஹில்லுக்கு ரோப்கார், கெம்ப்டி அருவி ஆகியவை மற்றவை. ஒரு வண்டி பிடித்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் பார்க்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போய், அங்கிருந்து டேராடூன் வழியாக மலையேறும் குடும்பங்கள், எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் கொடுத்த மனிதர் அந்தச் சிகரத்தைப் பார்த்ததே இல்லை என்ற செய்தியோடு ஊர் திரும்புகின்றன. செய்தி உண்மைதான். ஆனால் சென்னையிலிருந்து போகிறவருக்கு அந்த முகட்டில் தெரிய வேண்டிய செய்தி வேறு. அந்த முகடு வரை வந்து சேர்ந்த அளவைத் தொடரின் முதல் கோடு கிண்டிக்குப் பக்கத்தில், பரங்கிமலை அடிவாரத்தில், இழுக்கப்பட்டது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி பரங்கிமலைக்குக் கீழேயுள்ள சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு சங்கிலியைப் பிடிக்க வைத்தார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் மேடு பள்ளம் அளவைக் கெடுக்கும் என்று மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகள் மேல் நிறுத்தி மட்டம் பார்த்தார்கள். வெயிலில் எஃகு நீளும். அதனால் கூடாரம் அடித்து நிழல் செய்து, வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். இப்படி ஏறத்தாழ 400 முறை. சித்திரை, வைகாசி வெயிலில் 57 நாட்கள்.

அடிக்கோடு ஒன்றை இவ்வளவு பாடுபட்டு அளந்தது ஏன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களில் ஒன்றை அடுத்த முக்கோணத்துக்கு அடியாக வைத்துக்கொள்ளலாம். பிறகு சங்கிலி தேவையில்லை, கண்பார்வை போதும். ஒரு குன்றின் உச்சியிலிருந்து இன்னொரு குன்றின் கொடி தெரிந்தால் சரி. அந்த முதல் நீளத்தில் ஒரு விரற்கடைத் தவறு இருந்தாலும் அது முக்கோணம் முக்கோணமாகப் பெருகிக்கொண்டே போகும். அதனால்தான் அந்த 57 நாட்கள். அங்கிருந்து மேற்கே பெங்களூர் வழியாக மங்களூர் வரை ஒரு தொடர் போயிற்று. குமரி முனையிலிருந்து வடக்கு நோக்கி இன்னொரு தொடர் ஏறிற்று. 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிய இந்தத் தொடர், முசோரிக்கு மேற்கேயுள்ள பெனோக் மலையில், எவரெஸ்ட் வீட்டிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் போய் முடிந்தது. சுமார் 2,400 கிலோமீட்டர். தொடங்கியவர் முடிவைப் பார்க்கவில்லை. லாம்டன் 1823 ஜனவரியில் மகாராஷ்டிரத்து ஹிங்கன்காட்டில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அவரிடம் உதவியாளராக இருந்த எவரெஸ்ட்தான் 1841ல் அதை முடித்துவைத்தார்.

இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது குன்றே இல்லாத இடங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. காவிரிச் சமவெளி தட்டையானது, தென்னையும் மாவும் பார்வையை மறைக்கும். ஆனால் கோபுரங்கள் இருந்தன. மலை இல்லாத நாட்டில் சோழர்களும் நாயக்கர்களும் எழுப்பிவைத்த உயரங்கள் மீது கருவியை ஏற்றினார்கள். அரை டன் எடையுள்ள தியோடலைட். லண்டனில் வில்லியம் கேரி செய்தது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், இது அறிவியல் கருவி என்று அறிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார்கள். கடலில் தப்பிய கருவி 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அடிபட்டது. மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, பெரிய வட்டம் வளைந்துபோயிற்று. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் தன் கையாலேயே அதை மெல்ல மெல்ல நிமிர்த்தினார். கருவி மீண்டும் வேலை செய்தது. பின்னால் எவரெஸ்ட்டின் காலத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பொறுப்பு ஆற்காட்டுக்காரரான சையது மீர் மோசின் உசேனிடம் வந்தது. சென்னையில் நகை வேலை செய்துகொண்டிருந்தவரின் கைத்திறனைக் கண்டு கல்கத்தாவுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். உதவி சர்வேயர்களில் பலர் 1794ல் ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட சர்வே பள்ளியில் பயின்ற பையன்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று, இன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. சங்கிலி பிடித்தவர்கள், கொடி பிடித்தவர்கள், கருவியைத் தோளில் சுமந்து கோபுரம் ஏறியவர்கள் பெயர்கள் நமக்கு வரவில்லை. வடக்கே தராய்க் காடுகளில் காய்ச்சலில் விழுந்து இறந்தவர்களின் பெயர்களும் வரவில்லை. பார்வைக் கோட்டுக்காக மரங்களை வெட்டியும் குடிசைகளைப் பிரித்தும் வழிசெய்தார்கள். ஒரு காட்சி துலங்குவதற்கு யாரெல்லாம் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

உலகின் உயர்ந்த சிகரத்தைக் கண்டுபிடித்தவர்களும் அதன் அருகில் போகவில்லை. நேபாளம் கதவை அடைத்திருந்தது. பீகார் சமவெளியிலிருந்து, நூறு மைலுக்கும் அப்பாலிருந்து, மேகம் விலகும் நிமிடங்களுக்காகக் காத்திருந்து கோணங்களைக் குறித்தார்கள். கல்கத்தாவில் ராதாநாத் சிக்தார் உள்ளிட்ட கணக்கர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கணக்கிட்டார்கள். பதினைந்தாம் சிகரம் என்று மட்டுமே அறியப்பட்டிருந்ததன் உயரம் 29,002 அடி என்று 1856ல் அறிவித்தார்கள். 2020ல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் உதவியோடு அளந்து சொன்ன உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் முப்பது அடிதான். பரங்கிமலை வெயிலில் அந்தச் சங்கிலியோடு தொடங்கிய கவனம் அத்தனை தூரம் கெடாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. மலையின் உயரத்தை எங்கிருந்து அளப்பது? கடல்மட்டத்திலிருந்து. இந்திய உயரங்களுக்கெல்லாம் ஒரே அடிப்படையை வகுத்தபோது, ஒன்பது துறைமுகங்களில் அலைமானி வைத்துக் கண்ட சராசரிக் கடல்மட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். 1909ல் நிறைவேறிய அந்த ஏற்பாட்டில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. லால் டிப்பாவிலும் கன் ஹில்லிலும் பலகையில் எழுதியிருக்கும் உயரங்களுக்குப் பின்னால் நம் கடற்கரையின் அலைகள் இருக்கின்றன. சாந்தோம் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறவர் இமயத்தின் முதல் படியில் நிற்கிறார் என்றே நான் எண்ணிக்கொள்வேன்.

பரங்கிமலையின் உயரம் 300 அடி. முசோரியின் உயரம் 6,500 அடிக்கு மேல். இந்த இரண்டையும் ஒப்பிட்டு, நம் ஊரில் மலை ஏது என்று சொல்லிவிடுகிறோம். வயதை ஒப்பிட்டால் கதை தலைகீழ். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. இன்றும் வளர்கிறது, இன்றும் உடைகிறது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. பூமியின் அடி ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான, நீலம் கலந்த கருமை கொண்ட கல். அதற்கு சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறை மேல் வைத்திருந்த கல் சென்னையிலிருந்து போனது என்பதால் 1893ல் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். அன்டார்டிகா முதல் ஆப்பிரிக்கா வரை எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும் புவியியலாளர் நினைவில் நம் புறநகர்க் குன்றுகள் வந்து போகும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலைச் சார்னகைட்டை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து கையிலெடுத்த கற்கோடரிதான் இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்றாயிற்று. இவையெல்லாம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், நாம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கும் இடங்கள்.

ஏறிப் பாருங்கள். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த கற்படிகள் இன்றும் உறுதியாக இருக்கின்றன. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726ல் பாலம் கட்டியவரும் அவரே. மக்கள் மலையேறவும் ஆறு கடக்கவும் தன் பொருளைச் செலவழித்த ஒருவரை இந்த ஊர் இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம். மேலே 1523ல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். லாம்டனின் மார்பளவுச் சிலை. வடகிழக்கே கிண்டிக் காட்டின் பசுமை, அதையடுத்து நகரம், தெளிந்த நாளில் கடலின் கோடு. அடையாறு சதுப்பும் கட்டடங்களும் கடந்து முகத்துவாரத்துக்குப் போகும் வழியை மரங்களின் வரிசையைக் கொண்டு ஊகிக்கலாம். கீழே ஓடுபாதையில் விமானங்கள். தென்மேற்கே பல்லாவரம் குன்றுகள் வெட்டுண்ட பக்கங்களோடு நிற்கின்றன. தெற்கே லாம்டனின் கோடு போன திசை.

காட்சி நேரத்தைக் கேட்கும். இதை இமயத்தில் வாழ்கிறவர்கள் நன்றாக அறிவார்கள். நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. சமவெளியின் புழுதி மேலே எழும்பி, ஊசியிலைக் காடுகளில் தீப்பிடித்த புகையும் சேர்ந்து, பனிச் சிகரங்கள் பல நாட்கள் தென்படவே செய்யாத காலம் அது. மழைக்காலம் ஓய்ந்த அக்டோபரிலும் நவம்பரிலும் விடியற்காலையில் அவை தெளிவாக நிற்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து மறைத்துவிடும். ஒன்பது மணிக்குக் குளித்துச் சாப்பிட்டு வண்டியில் ஏறிப் போகிறவருக்கு வெள்ளைத் திரைதான் கிடைக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாலையில் இன்னொன்று உண்டு. சூரியன் விழுந்த பிறகு மேற்கே, உண்மையான தொடுவானத்துக்கு மேல் இன்னொரு தொடுவானம் போல ஆரஞ்சும் ஊதாவும் கலந்த ஒரு பட்டை நீண்டு நிற்கும். விண்டர்லைன் என்பார்கள். கீழே டேராடூன் விளக்குகள் ஏற ஏற அது மங்கும். இதற்கு எந்த வியூ பாயின்டுக்கும் போக வேண்டியதில்லை. தங்கியிருக்கும் வீட்டு முற்றத்தில் ஒரு நாற்காலியும் போர்வையும் போதும்.

அதனால் ஹோம்ஸ்டேயில் தங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். அருவியும் ரோப்காரும் வரிசையில் நிற்கும் நேரத்தைத்தான் தின்னும். ஒரே ஒரு முகட்டைத் தேர்ந்துகொண்டு காலையிலும் மாலையிலும் அங்கேயே நடங்கள். பிப்ரவரி, மார்ச்சில் புராஸ் மரம் செக்கச்செவேலென்று பூத்திருக்கும். அந்தப் பூவைப் பிழிந்து வீட்டுக்கார அம்மா சர்பத் செய்து தருவார். அவரிடம் புல் அறுக்க எவ்வளவு தூரம் போகிறார், ஊற்றில் முன்போல் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் எங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெனோக் காட்டுக்குள் நடக்கும்போது இமாலயக் காடையை நினைத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் முசோரியிலும் நைனிதாலிலும் மட்டுமே பதிவான பறவை. 1876க்குப் பிறகு உறுதியாகக் கண்டவர் இல்லை. இன்னும் சிலர் தேடுகிறார்கள். புல்வெளியில் அதை எதிர்பார்த்து நடப்பதே கால்களுக்கு ஒரு நிதானத்தைக் கொடுக்கும்.

இந்த நிதானத்தை மலையில் போய்க் கற்கலாம், ஊரிலிருந்தே கொண்டுபோகவும் முடியும். மயிலாப்பூரில் அதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், பெருங்குளம் ஹவுஸ் என்ற வீட்டில் வாழ்ந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950ல் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் மறையும் வரை விடாமல் எழுதினார். யானையையும் காட்டெருமையையும் தேடிக் காடு காடாக அலைந்தவர்தான். ஆனால் அவர் எழுத்தில் அணிலும் காக்கையும் ஓணானும் வீட்டு ஆடும் யானைக்குச் சமமான மரியாதை பெற்றன. பல லென்சுகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கையில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அந்த வீட்டுத் தோட்டத்தில் நின்று பார்க்கத் தெரிந்த கண், எந்தக் காட்டுக்குப் போனாலும் அதற்குரியதைப் பார்த்தது.

நம் பகுதியில் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் இல்லை. கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. மதில் ஓரம் மாநகரப் பேருந்து ஓடுகிறது, உள்ளே வெளிமான் நிற்கிறது. அடையாறு முகத்துவாரத்தில் 1967ல் கட்டி, பத்தாண்டு கழித்து வெள்ளம் இடித்துப்போட்ட பாலத்தின் மிச்சம் நிற்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கழிமுகத்தின் சேற்றில் வலசை வந்த உள்ளான்கள் மேயும். அவற்றில் சில இமயத்துக்கும் வடக்கே முட்டையிட்டுவிட்டு வருபவை. நாம் ரயிலில் போகும் திசைக்கு எதிர்த்திசையில் பறந்து இங்கே வந்து இறங்குகின்றன. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் நின்று மரத்தைக் காக்கின்றன. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். 1988 முதல் அவர்களின் அமைப்பு இயங்கிவருகிறது. இருட்டில், மணலில், பேசாமல் பல கிலோமீட்டர் நடக்கும் அந்த நடை எந்த இமாலய ட்ரெக்கிங்குக்கும் குறைந்ததில்லை. அந்த நடையில் ஒரு வேலையும் இருக்கிறது, அதுவே அதை உயர்த்துகிறது.

முசோரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அந்த மலை சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டப்பட்டு வெள்ளை வெள்ளையாகத் தோலுரிந்து கிடந்தது. ஊற்றுகள் வற்றின, சரிவுகள் இடிந்தன. டேராடூனிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு 1983ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிற்று. நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1985ல் பல சுரங்கங்களை மூடச் சொன்னது. தொழில் நட்டம், வேலை இழப்பு எல்லாவற்றையும் எடைபோட்டு, இயற்கைச் சமநிலைக்காக மக்கள் செலுத்த வேண்டிய விலை அது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அந்த வழக்கு ஒரு தொடக்கம். இன்று முசோரியில் நாம் ரசிக்கும் பச்சை தானாக வந்ததில்லை, யாரோ கடிதம் எழுதியதால் மிஞ்சியது. பிறகு வந்த சாலை விரிப்பும் அடுக்குமாடி விடுதிகளும் மலைகளை மறுபடி சோதித்துக்கொண்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் கண்டு மக்கள் வெளியேறினார்கள். 2025 ஆகஸ்டில் தராலியைச் சேறும் பாறையும் மூடின. மலை ஊரில் எந்த வீட்டில் தங்குகிறோம், அது எந்தச் சரிவில் எத்தனை மாடி எழுப்பியிருக்கிறது, அதன் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பது விருந்தாளியின் கடமை.

நம் குன்றுகளுக்காகவும் அப்படியொரு கடிதம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் பம்மலிலும் கல் உடைத்து உடைத்துத்தான் இந்த நகரத்தின் சாலைகளும் அஸ்திவாரங்களும் எழுந்தன. 250 கோடி ஆண்டுப் பாறை நாம் வாழும் வீடுகளின் காங்கிரீட்டுக்குள் ஜல்லியாகக் கிடக்கிறது. சிக்கராயபுரத்தில் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கி ஏரிகள் ஆயின. 2017 வறட்சியில் அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் நகருக்கு விட்டார்கள். மலை இழந்த வடிவிலும் நமக்கு உதவிற்று. மிச்சமிருக்கும் குன்றுகள் மீது நமக்கு ஏன் பாசம் வரவில்லை என்பதை யோசித்திருக்கிறேன். அவை உயரமாக இல்லை, பனி மூடவில்லை, படத்தில் நன்றாக விழவில்லை. எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். அழகு என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டது பெரும்பாலும் காலண்டர் படங்களிலும் சினிமாப் பாட்டுகளிலும் வந்த தொலைதூர மலைகளின் அழகு. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முள்ளும் கரும்பாறையும் பனைமரமுமான ஒரு குன்றைப் பார்த்தால் அது தோற்றுத்தான் போகும்.

கோட்டின் தென்முனைக்கு வருகிறேன். பெரும்பாக்கம். அங்கே இப்போது அரசு கட்டிய நெடிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். அடையாற்றின் கரையிலும் கூவத்தின் கரையிலும் பல தலைமுறை வாழ்ந்த மக்களை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருமளவில், இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது விடியுமுன் எழுந்து பேருந்து பிடிக்கிறார்கள். அருகே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022ல் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது. மழைக்காலத்துக்குப் பிறகு பூநாரைகள் அங்கே வரும். பார்வைக்காகக் குடிசைகளைப் பிரித்த அதே கோட்டின் முனையில், நதிக்கரையின் பார்வையை இழந்த மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு யாரும் ஹோம்ஸ்டே ஏற்பாடு செய்யப்போவதில்லை. ஆனால் பூமியின் வளைவை அளக்கவும் இமயத்தை எட்டவும் உதவிய ஒரு கோடு அவர்கள் ஊரில்தான் முடிந்தது என்ற செய்தி, முசோரிக்குப் போய்வரும் நம் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அதிகம் சொந்தமானது.

முசோரியில் எவரெஸ்ட் வீட்டைச் சீர்செய்து அருங்காட்சியகம் ஆக்க உத்தராகண்ட் அரசால் முடிந்திருக்கிறது. நம் அரசுக்கும் மாநகராட்சிக்கும் புவியியல் துறைக்கும் நான் கேட்பது அதைவிடச் சிறியது. பரங்கிமலையிலும் பெரும்பாக்கத்திலும் இந்தக் கோட்டின் கதையைத் தமிழில் விரிவாக எழுதி வையுங்கள். சங்கிலி பிடித்த கைகளையும் அதில் குறிப்பிடுங்கள். பெரும்பாக்கம் குடியிருப்பில் படிக்கும் பிள்ளைகளை ஒரு வகுப்பு நாளில் பேருந்தில் அழைத்துவந்து மலையேற்றி, அவர்கள் ஊர் இருக்கும் திசையைக் காட்டுங்கள். மிஞ்சிய குன்றுகளில் இனி வெட்டு விழாமல் காவல் போடுங்கள். வாசகர்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். 2016 முதல் பரங்கிமலைக்கு மெட்ரோ ரயில் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஒருநாள் ஓய்ந்த மறுநாள் காலை, தூசி அடங்கியிருக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள்.